கூட்டத்தில் எழுந்து நின்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கரியாலூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வண்டி மலையேறத் தொடங்கியதும் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார். வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க இந்த வழியில் பலரும் செய்கிற காரியம்தான். ஜன்னல் காற்றில் அந்த நெடி நேராக என் முகத்தில் வந்து அடித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர், "இன்னா மேடம், தூசி வுழுந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

உங்கள் கைப்பையைத் திறந்தால் வரும் வாசனை அது. அதிகாரி நடத்தும் ஆய்வுக் கூட்டம் இருக்கும் நாட்களில் உள்ளே போவதற்கு முன்பே இரண்டு நெற்றிப்பொட்டிலும் தடவிக்கொள்வீர்கள். "அந்தாளு பேச்சக் கேட்டா தலவலி வர்றது நிச்சயம். முன்னாடியே தடவிக்கினா நேரம் மிச்சம்" என்பீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

நீங்கள் போய்வந்த அதே பேருந்தில்தான் இப்போது நானும் வேலைக்குப் போய்வருகிறேன் அக்கா. அது எப்படி நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு நடந்தவை நிறைய சேர்ந்துவிட்டன. சொல்லுவதற்கு எனக்கு வேறு ஆளும் இல்லை.

கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள், யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள்தான் மதியம் சாப்பாட்டுப் பையோடு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தீர்கள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிப்பதைப் பார்த்ததும், "ஜாஸ்தி குடிக்காத செல்வி. இங்க பொம்பளைங்க பாத்ரூம் பூட்டிக் கெடக்குது" என்றீர்கள். பழைய கம்ப்யூட்டர்களையும் கிழிந்த பேனர்களையும் அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் பின்தெருவில் ஒரு வீட்டில் கெஞ்சிக் கேட்டுப் போய்வருவார்கள். அந்த வீட்டார் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், அன்று மாலை வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து அதைக் கேட்டீர்கள். அதிகாரி முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் கூட்டத்துல பேசற விஷயமாம்மா?"

"வேற எங்க சார் பேசறது? உங்க ரூமுக்குத் தனியா வந்து பேசினா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்க."

யாரோ பின்னால் கனைத்தார்கள். அந்த வாரமே அறை காலியானது. சாவி ஆணியில் தொங்கியது. பெண்கள் எல்லோரும் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போனோம். ஆண்கள் உங்களுக்கு "பாத்ரூம் மேடம்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த பெண்களும் இருந்தார்கள். உங்கள் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் கோப்பைப் புரட்டுகிற வேகம் மட்டும் கொஞ்சம் கூடும்.

கணக்குப் பிரிவில் மணி சார் இருந்தார் இல்லையா? அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்ட அன்று, கோப்புக் கட்டை அதிகாரியின் மேசையில் ஓங்கிப் போட்டுவிட்டு, வராந்தா வரைக்கும் கேட்கும்படி கத்தினார். வெளியே வந்ததும் அவரை டீக்கடைக்குத் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்கள். நேர்மையான மனுஷன், கோபம் வரத்தான் செய்யும் என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் அதிகாரியே அவரைக் கூப்பிட்டு விடுப்பும் கொடுத்தார். சாப்பிடும்போது நான் அதைச் சொல்ல, நீங்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "அவரு கத்தினா கோவம். நான் கேட்டா வாய்."

உங்களுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதும் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த உங்கள் வீட்டுக்காரர் சேலம் சாலையில் விபத்தில் போய்விட, கருணை அடிப்படையில் உங்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது தேவி பள்ளிக்கூடம் போகும் வயதுப் பெண். மணலூர்ப்பேட்டையில் கரும்பும் நெல்லும் விளைகிற வீட்டில் பிறந்து, திருமணத்துக்குப் பிறகு தபாலில் பட்டம் படித்து, ஒற்றை ஆளாக நின்று அவளை வளர்த்தீர்கள். அலுவலகத்தில் யாராவது அதைப் பரிதாபமாகச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "என்னப் பாத்து உச்சு கொட்டாதீங்க. வேல இருந்தா குடுங்க" என்று சொல்லிவிடுவீர்கள்.

பிறகு ரேவதி வந்தாள்.

தியாகதுருகம் பக்கத்தில் ஏதோ ஒரு சிற்றூர். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் வேலைக்கு எடுத்திருந்தார்கள். குரலே வெளியில் வராத பெண். ஒரு குடும்பமே தன் சம்பளத்தை நம்பி இருக்கிறது என்ற பயம் அவள் நடையிலேயே தெரியும். அதிகாரி அவளை மாலையில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் தன் அறைக்குக் கூப்பிடத் தொடங்கினார். ஏதாவது ஒரு பட்டியலில் திருத்தம் என்பார். அவள் பேருந்தைத் தவறவிட்டு நிற்பாள். பழைய கோப்புகள் இருக்கும் அறையில் அவள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டு நின்றதை நானே பார்த்தேன். என்ன என்று கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள். உங்களிடம் வந்து சொன்னேன். "எனக்குத் தெரியும். நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றீர்கள்.

அன்றிலிருந்து நீங்கள் மாலையில் சீக்கிரம் கிளம்புவதை நிறுத்தினீர்கள். அவள் உள்ளே போனால், கையில் ஏதாவது ஒரு கோப்போடு நீங்களும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் நிற்பீர்கள். அப்படி ஒரு முறை போனபோதுதான் அவர் செய்வதை உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள்.

அடுத்த கூட்டம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. மின்விசிறியின் சத்தம், பிஸ்கட் தட்டு, சுவரோரம் நின்றிருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். அதிகாரி ஏதோ ஒரு எண் பொருந்தவில்லை என்று ரேவதியை எழுப்பினார்.

"இன்னாம்மா ரேவதி, மூஞ்சிக்குப் பவுடர் அடிக்கற நேரத்துல கணக்கப் பாக்கக் கூடாதா? சரி, சாயந்திரம் என் ரூமுக்கு வா. ஒக்கார வெச்சு சொல்லிக் குடுக்கறேன்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை, அதிகாரி எதிர்பார்க்கிற அளவுக்கு ஒரு சிரிப்பு. ரேவதி குனிந்து நின்றாள். நீங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தீர்கள்.

"சார், ரேவதி சாயந்திரம் வரமாட்டா."

"உன்னக் கேக்கலம்மா. ஒக்காரு."

"தப்பு இருந்தா இங்கியே சொல்லுங்க சார், நாங்களும் கத்துக்கறோம். கதவ சாத்திக்கினு சொல்லிக் குடுக்கற அளவுக்கு அதுல இன்னா இருக்குது?"

சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீ இன்னா சொல்ல வர்ற?"

"நீங்க அந்தப் பொண்ணு தோள்ல கை வெச்சத நான் பாத்தேன் சார். அவ தள்ளிப் போனா. மறுபடியும் வெச்சீங்க. அதத்தான் சொல்ல வர்றேன்."

அவர் முகம் கறுத்தது. "புருஷன் செத்துக் கெடச்ச வேலைல ஒக்காந்துக்கினு நீ எனக்கு நாயம் சொல்றியா?"

நீங்கள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள். "ஆமா சார். அவரு செத்துத்தான் கெடச்சுது. அதுக்காக வாய மூடிக்கினு இருக்கணும்னு ஆர்டர்ல எங்கியும் போடல."

கூட்டம் அத்தோடு கலைந்தது. வராந்தாவில் மணி சார் என்னிடம் மெதுவாக, "மேடம் சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் தப்பு" என்றார். கோப்புக் கட்டை ஓங்கிப் போட்ட அதே மணி சார். அன்று மாலைக்குள் அது எல்லோருடைய வாக்கியமாகவும் ஆகிவிட்டது. ரேவதிக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்கள் இல்லை. நீங்கள் எந்தக் குரலில் பேசினீர்கள், சபையில் அப்படிப் பேசலாமா, தனியாகச் சொல்லியிருக்கலாமே, உங்களுக்கும் அதிகாரிக்கும் முன்பு ஏதாவது இருந்திருக்குமோ என்றெல்லாம் பேசினார்கள். கடைசியாகச் சொன்னது எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. ஆனால் அதுதான் எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவியது.

நீங்கள் எழுதிக் கொடுத்து, புகாரை விசாரிக்கக் கமிட்டி உட்கார்ந்தது. அதற்கு முந்தின நாள் ரேவதியின் அப்பா வந்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அலுவலக வாசலிலேயே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும். வுட்டுடுங்கம்மா. எம்பொண்ணுக்கு ஒண்ணும் நடக்கல. அவளுக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு ஆவணும்."

ரேவதி அவருக்குப் பின்னால் நின்றாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கமிட்டியிலும் அதையே சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போனாள். நான் போய் என் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சொன்னேன். கமிட்டியின் தலைவியாக வந்திருந்த அம்மையார் நான் சொன்னதை எழுதிக்கொள்ளாமலேயே, "உங்களுக்கும் அந்தம்மாவுக்கும் ரொம்ப நெருக்கமோ?" என்று கேட்டார். உங்களிடம் அவர் சொன்னதை நீங்கள் என்னிடம் சொன்னபோது நடித்தே காட்டினீர்கள்: "நீங்க கொஞ்சம் பதமா பேசியிருக்கலாமே. பொம்பளைங்க நாமதான் அனுசரிச்சுப் போவணும்."

ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். பொய்ப் புகார் என்று அலுவலகம் எடுத்துக்கொண்டது. எனக்கு ரேவதி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளைத் திட்டினேன். நீங்கள் என்னைத் தடுத்தீர்கள். "அவ பயந்துட்டா. பயந்தவளப் போயி எதுக்குத் திட்டற? பயமுறுத்தினவன வுட்டுட்டு?"

மாறுதல் உத்தரவு வந்தபோது அதில் நிர்வாக நலன் என்று போட்டிருந்தது. கரியாலூர். நம் அலுவலகத்தில் யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் மலைக்குத் தூக்குவார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று நீங்கள்தான் ஒரு முறை கேட்டீர்கள். "அவங்க ஊரு நமக்கு ஜெயிலா?"

விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்து சமைத்து, தேவிக்கு எடுத்து வைத்துவிட்டு, அருவி பார்க்கப் போகும் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டே மலையேறுவீர்கள். அங்கே உங்களைப் பற்றிய சேதி உங்களுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்திருந்தது. பொறுப்பில் இருந்தவர் உங்களுக்கு வாசலோரம் மேசை போட்டார். நீங்கள் உள்ளே நுழைந்தால், "பாத்துப் பேசுங்கப்பா, கேஸு போட்டுடப் போறாங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். டீ எல்லோர் மேசைக்கும் போகும். உங்கள் மேசையைத் தாண்டிப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உங்கள் வீட்டுக்கு வரும்போது இவற்றைச் சொல்வீர்கள். குறை சொல்லுகிற குரலில் இல்லை. அடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்வது போல. ஒரு நாள் மட்டும் துணி மடித்துக்கொண்டே, "திட்டினாக்கூட பரவால்ல செல்வி. நாள் பூரா ஒருத்தரும் பேசாம இருக்காங்க பாரு, அதுதான் தாங்கல" என்றீர்கள்.

தேவியின் சம்பந்தம் அந்த வருடம்தான் வந்தது. திருக்கோவிலூர்ப் பையன். உங்கள் அண்ணன் மணலூர்ப்பேட்டையிலிருந்து பார்த்துப் பேசி முடித்தது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், எல்லோருக்கும் பிடித்துவிட்டது, நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். தேவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அவர்கள் வழக்கம்போல நாலு இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். நம் அலுவலகத்திலும்.

உங்கள் அண்ணன் வந்து சொன்ன அன்று நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னார். "பொண்ணு தங்கமான பொண்ணாம். அம்மாக்காரிதான் ஆபீசுல கேஸு போட்டவளாமே, நாளைக்கு எங்க வூட்டு மேலயும் ஒண்ணு போட்டா இன்னா செய்யறதுன்னு கேக்கறாங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ ரோஷம்?"

நீங்கள் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அவர் வாங்கவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த தேவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊருல ஒருத்தரும் கேக்காத நாயத்த நீ ஒருத்தி கேட்டியேம்மா. உனக்கு இன்னா கெடச்சுது? ரேவதிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. எனக்கு நின்னுபோச்சு."

உங்கள் கையில் அந்தச் சொம்பு இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றீர்கள். அதிகாரிக்குச் சொல்ல உங்களிடம் வார்த்தை இருந்தது. கமிட்டிக்கும் இருந்தது. மகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தேவி அன்றைக்கே மாமாவோடு மணலூர்ப்பேட்டைக்குப் போய்விட்டாள். நான் இருட்டும் வரை உங்களோடு இருந்தேன். "அவ சொன்னதுல தப்பு இல்ல" என்று மட்டும் ஒரு தரம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் தனியாகத்தான் இருந்தீர்கள். ஒரு வாய்க்கு எதற்குக் குழம்பு என்று மோரும் சோறுமாகச் சாப்பிட்டதை, வெறும் அடுப்பைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் கார்த்திகை மாதம், தூறல் விடாத ஒரு நாள், நண்பகல் வாக்கில் உங்கள் போன் வந்தது.

"செல்வி, நெஞ்ச அழுத்திக்கினே இருக்குதுடி. காலைலருந்து. இடது கை வேற மரத்துப்போன மாதிரி இருக்குது."

"ஆபீஸ் ஜீப்புல எறங்கிடுங்கக்கா. கேளுங்க."

"கேட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தீர்கள். "'உங்களுக்குத் தெனம் ஒரு புகார். இன்னிக்கு நெஞ்சா?'ன்னு பொறுப்புல இருக்கற சார் கேட்டுட்டு சிரிக்கறாரு. வண்டி வாசல்லதான் நிக்குது. நான் தைலம் தடவிக்கினேன். வாயுவா இருந்தாலும் இருக்கும். பஸ்ஸு வருது, ஏறிடறேன்."

நான் விடுப்புச் சொல்லிவிட்டு, ஓர் ஆட்டோவைப் பிடித்து, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். உங்கள் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தும் அடித்தேன். பேருந்து வந்து நின்றதும் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள். ரவிக்கை முழுக்க வியர்வை. அந்தக் குளிரில். கழுத்திலும் நெஞ்சிலும் அப்பியிருந்த தைலத்தின் நெடி ஆட்டோ முழுவதும் நிறைந்தது. என் தோளில் சாய்ந்துகொண்டு ஒன்று சொன்னீர்கள்.

"நான் நாடகம் ஆடலடி செல்வி."

"தெரியும்கா. பேசாதீங்க."

பேசாதீங்க என்று உங்களிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அன்று நானும் அதைத்தான் சொன்னேன், வேறு காரணத்துக்காக. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களை உள்ளே கொண்டுபோனார்கள். வெளிச்சம் மறைவதற்குள் முடிந்துவிட்டது. மருத்துவர் வெளியே வந்து, "ஏன் இவ்வளவு நேரம் கழிச்சுக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். என்னைக் கேட்கிறார் என்பதே எனக்கு உடனே புரியவில்லை.

வேறு யாராவது நெஞ்சுவலி என்றிருந்தால் அந்த ஜீப் புறப்பட்டிருக்கும் அக்கா. மணி சார் சொல்லியிருந்தால் பொறுப்பதிகாரியே கூட உட்கார்ந்து வந்திருப்பார். புகார் சொல்லுகிற பெண் என்று ஒரு முறை பெயர் வைத்துவிட்டால், அவள் வலி என்று சொன்னாலும் அதுவும் புகார்க் கணக்கில் போய்விடுகிறது. மாரடைப்பு என்று சான்றிதழில் எழுதியிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அதில் எழுதாததும் இருக்கிறது.

தேவி வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தவள் எழவே இல்லை. அழவும் இல்லை. உங்களை எடுத்துக்கொண்டு போகும்போது தெருமுனையில் இடுப்பில் குழந்தையோடு ரேவதி நின்றிருந்தாள். யார் சொல்லி வந்தாள் என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் முகத்தைக் குழந்தையின் தோளில் புதைத்துக்கொண்டாள். நான் திட்டவில்லை அக்கா. நீங்கள் சொன்னது நினைவில் இருந்தது. போய் அவள் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

பிறகு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நீங்கள் எழுந்து நின்று பேசிய அதே அறை, அதே மேசை. உங்கள் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். கரியாலூர்ப் பொறுப்பதிகாரியும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். அந்த ஜீப்பில்தான் வந்தார். நம் அதிகாரி முதலில் பேசினார். "துணிச்சல் மிக்க பெண்மணி. மனதில் பட்டதை ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவார். அப்படிப்பட்டவரை இழந்துவிட்டோம்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உயிரோடு இருந்தபோது திமிர் என்று சொன்னதற்கெல்லாம் இப்போது துணிச்சல் என்று பெயர் மாறியிருந்தது. பேச முடியாத இடத்துக்கு நீங்கள் போய்விட்டதால் உங்கள் பேச்சு அவர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது.

நான் எழுந்தேன்.

"சார், அக்கா கடைசியா பேசினது ஒரு வண்டி கேட்டு. நெஞ்சு வலிக்குது, வண்டி குடுங்கன்னு கேட்டாங்க. அதையும் யாரும் நம்பல. வண்டி வாசல்லியே நின்னுக்கினு இருந்துது."

"இது இரங்கல் கூட்டம்மா" என்றார் அதிகாரி.

"அதனாலதான் சார் சொல்றேன். அவங்களுக்கு எதுக்கு நாம இரங்கறோம்னு தெரிய வேணாமா?"

மலையிலிருந்து வந்தவர் தரையைப் பார்த்தார். மணி சார் என் பக்கமாகச் சாய்ந்து, "ஒக்காரும்மா, இப்ப எதுக்கு இதெல்லாம்" என்று கிசுகிசுத்தார். ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம் என்று அதிகாரி சட்டென்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மேற்கொண்டு பேசாமல் இருப்பதற்கு உங்கள் பெயரையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

அதிகாரி இப்போது பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அவர் செய்த கடைசி வேலைகளில் ஒன்று என் மாறுதல். "உங்க அக்கா ஒக்காந்த சீட்டு காலியாத்தான இருக்குது" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்படித்தான் நான் கரியாலூருக்கு வந்தேன். வாசலோர மேசை. டீ என் மேசையையும் தாண்டித்தான் போகிறது. என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில், "உனக்கு ஏன் இந்த வேலை" என்றார். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அது கோபமா சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதக் கூட்டத்தில், அவசரத்துக்கு அலுவலக வண்டியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், காரணம் கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் போடச் சொன்னேன். பொறுப்பதிகாரி, "நீங்களும் அப்படியே அவங்கள மாதிரிதான்" என்றார். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கூட்டத்திலும் கேட்பேன்.

ஆனால் உங்களிடம் சொல்ல நினைத்தது இது எதுவும் இல்லை அக்கா. தேவி வந்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை, மணலூர்ப்பேட்டையிலிருந்து தனியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருக்கிறாள். ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாளாம். காபி ஆறுகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "செல்விக்கா, அம்மா அன்னிக்குக் கூட்டத்துல இன்னா பேசினாங்க? ஊரு பேசினதுதான் எனக்குத் தெரியும். அவங்க பேசினது தெரியாது. அப்படியே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நீங்கள் நாற்காலியைத் தள்ளியதிலிருந்து, மேசை விளிம்பைப் பிடித்து நின்றது, அவள் அப்பாவைப் பற்றி அதிகாரி சொன்னது, நீங்கள் அதற்குச் சொன்னது எல்லாம். உங்கம்மாவுக்குப் பயமே கிடையாது தேவி, எங்களுக்கெல்லாம் இல்லாத நெஞ்சு அவங்களுக்கு இருந்துச்சு என்று முடித்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஒப்புக்கொள்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இல்லக்கா. அன்னிக்கு சாயந்திரம் அம்மா வூட்டுக்கு வந்ததும் பின்பக்கம் போயி வாந்தி எடுத்தாங்க. கை ரெண்டும் வெடவெடன்னு ஆடிக்கினு இருந்துது. சொம்பப் புடிக்க முடியல, நான்தான் தண்ணி ஊத்தினேன். இன்னாம்மான்னு கேட்டேன். மத்தியான சாப்பாடு ஒத்துக்கலன்னாங்க. ராத்திரி பூரா தூங்கல. நான் பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருந்தேன், அதான் தெரியும். காலைல எழுந்து தலைய வாரிக்கினு, அதே ஆபீசுக்குப் போனாங்க."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். அத்தனை நாளாக அழாதது எல்லாம் சேர்த்து. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் போன பிறகும் நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உங்களோடு தினமும் சாப்பிட்டவள் நான். உங்களுக்குப் பயமில்லை என்று நானும் நம்பினேன். அலுவலகமும் அப்படித்தான் நம்பியது. அவளுக்கென்ன, பேசிவிடுவாள் என்று எல்லோரும் வசதியாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, நீங்கள் வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்து, தலைவாரிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாருக்கும் காட்டவில்லை. எனக்கும் காட்டவில்லை.

நாளை கூட்டம். இதை எழுதும்போதே எனக்குக் கை ஆடுகிறது அக்கா. முன்பெல்லாம் இப்படி ஆடினால், நம்மால் ஆகாது, அக்கா மாதிரி ஒருத்தியால்தான் முடியும் என்று நினைப்பேன். இப்போது அப்படி நினைக்க வழியில்லை. ஆடட்டும். எழுந்து நிற்பதற்குக் கால் போதும்.

உங்கள்
செல்வி